தூரம் மறந்த குரல்

கிரகோரியாளின் குரல் தூரத்தை மறந்துபோன அந்த வருடம் எங்கள் சிப்பித்துறையில் நெத்திலி நன்றாக விழுந்தது, உப்பும் நன்றாக விளைந்தது, மேலத்தெருவும் கீழத்தெருவும் வழக்கம்போல ஒன்றோடொன்று பேசாமல் இருந்தன, ஆகவே ஊரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இனி அதிசயம் என்று எதுவும் வந்து இடத்தை அடைக்கப் போவதில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அதிசயம் இடம் பார்த்தா வருகிறது? அது என் மக்ரூன் கடையின் மாடியிலிருந்து வந்தது.

என் பெயர் ராயப்பன். கீழே என் அடுப்பும் முட்டையின் வெள்ளைக்கரு அடிக்கிற மிஷினும். மேலே மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனி. இரண்டு பேர் படம் வரைவார்கள், கம்ப்யூட்டருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்வார்கள். ஜெனோவா சத்தம் போடுவாள். சத்தம் போடுவதற்குச் சம்பளம் என்று கேள்விப்பட்டதும் ஊரே சிரித்தது, ஏனென்றால் அப்படிப் பார்த்தால் எங்கள் மேலத்தெருக்காரர்கள் எல்லோரும் மாடிமேல் மாடி கட்டியிருக்க வேண்டும். ஆனால் ஜெனோவா வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவள் சத்தமெல்லாம் கையில் இருந்தது. என் கடையின் சலவைக்கல் மேடையில் ஈரத்துண்டை ஓங்கி அடித்து, பெரிய மீன் பலகையில் விழுகிற சத்தத்தை எடுப்பாள். பழைய கையுறையின் விரல்நுனிகளில் ஊக்குகளைக் கோத்துத் தரையில் மெத்மெத்தென்று தட்டி, நகம் படப் பூனை நடப்பதை எடுப்பாள். கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்க, முறத்தில் பச்சைப்பயறைச் சாய்த்துச் சாய்த்து உருட்டி அலை எடுப்பாள்.

கடலையே எடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"எடுத்துப் பாத்தேன்ணே. எண்ணெயில அப்பளம் பொரிக்க மாதிரி கேக்குது," என்றாள்.

எதையும் ஒருதரம் எடுத்து விடமாட்டாள். ஒரே அடி அப்படியே திரும்பத் திரும்ப வந்தால் இது பொய் என்று காது கண்டுபிடித்துவிடுமாம், அதனால் துண்டு என் மேடையில் விதவிதமாக விழுந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் மிஷினை நிறுத்தச் சொல்லி, வேலைக்காரர்களை மூச்சுக் காட்டாமல் நிற்கவைத்து, என் கடை சும்மா இருக்கிற சத்தத்தை எடுத்தாள். காலி இடத்துக்கும் ஒரு சத்தம் உண்டு, அதை அடியில் விரிக்காவிட்டால் கேமுக்குள் போகிறவருக்குக் காது அடைத்த மாதிரி இருக்கும் என்றாள். அவள் எடுத்து முடிப்பதற்குள் வெள்ளைக்கரு நுரை அமுங்கி, அன்றைக்கு மக்ரூன் எல்லாம் தட்டைத்தட்டையாக வந்தது. அதையும் ஜனங்கள் வாங்கித் தின்றார்கள்.

அவர்கள் செய்துகொண்டிருந்த கேமில் விளையாடுகிறவர்தான் பூனை. ஒரு துறைமுக ஊரின் சந்துகளில் அலைந்து, மீன்காரியின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போய் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும். குரல் வலுத்தால் கிட்டே வந்தாயிற்று, தேய்ந்தால் தப்பான சந்து. மீன்காரிக்கு ஒரு குரல் வேண்டும் என்றதும் இரண்டு தெருவிலும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். கிரகோரியாளுக்கு நாற்பத்தைந்து தாண்டியிருக்கும், புருஷன் போய் வெகுகாலம், பிள்ளை குட்டி இல்லை, தலையில் கூடையை வைத்தால் காற்றுக்கு முன்னால் போவாள், வாயைத் திறந்தால் கடற்கரை நாய்கள் எழுந்து நிற்கும். மாடிக்குப் போய், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில் நின்று, "சாளேய்... நெத்திலீய்... துள்ளுது பாருங்கம்மா!" என்று கூவிவிட்டு, ஒரு டப்பா மக்ரூனை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

கேமுக்குள் வைக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் தூரம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அதற்குத் தெரியாதாம். கேம் தொடங்கும்போது வருகிற பாட்டுக்கு மட்டும் அது வேண்டாம், அது எங்கே போனாலும் காதோடு ஒட்டிக்கொண்டு வரும். அன்றைக்கு இருந்த அவசரத்தில் ஜெனோவா கிரகோரியாளின் குரலைத் தூரம் தெரிந்த சத்தங்களோடு வைக்காமல் பாட்டோடு சேர்த்து வைத்துவிட்டாள். பூனை எந்தச் சந்துக்குள் போனாலும் குரல் காதுக்குள்ளேயே இருந்தது, பூனை சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரு சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஜெனோவா நாக்கைக் கடித்துக்கொண்டு உடனே அதை மாற்றினாள், கேம் சரியாகிவிட்டது. மறுநாள் காலை கிரகோரியாள் மாறிப்போயிருந்தாள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். மாடியிலிருந்து தண்ணீர் ஒழுகினால் கீழே இருப்பவன் வாளியைத்தான் தேடுவான்.

அந்தக் காலையில் அவள் ஐஸ் கம்பெனி வாசலில் கூடையைத் தலைக்கு ஏற்றி முதல் கூவலைக் கூவினாள். அது மேலத்தெருவின் கடைசி வீட்டிலும் கீழத்தெருவின் முதல் வீட்டிலும், கோயில் மணிக்கூண்டிலும், உப்பளத்துப் பாத்தியிலும், தாழ்ப்பாள் போட்ட குளியலறைக்குள்ளும், கூடாமல் குறையாமல் ஒரே அளவாக, ஒவ்வொருவர் காதுக்கும் தோளுக்கும் நடுவிலிருந்து கேட்டது. பெண்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்கள். தெரு வெறிச்சென்று கிடந்தது. எல்லா வாசலிலும் பூனைகள் வந்து உட்கார்ந்து, இல்லாத மீன்காரியை அண்ணாந்து பார்த்தன. குளித்துக்கொண்டிருந்த ஆண்களில் சிலர் அலறியதாகவும் கேள்வி, அதை நான் விசாரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஊர் தெளிந்துவிட்டது: கிரகோரியாள் இனிமேல் ஊருக்குள் எங்கே நின்று பேசினாலும் எல்லோர் காதோரத்திலும்தான் கேட்கும். சரி என்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அதற்கப்புறம் நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவள் காலையில் என்ன மீன் என்று சொல்கிறாளோ அதற்குத் தக்கபடி ஊர் முழுக்க மசாலா அரைபடும்; சாளை என்றால் ஊரே சாளைக் குழம்பு, பாறை என்றால் ஊரே பாறைக் குழம்பு, பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று மூக்கை நீட்டவேண்டிய அவசியமே போய்விட்டது. அவள் பேச்சு மட்டுமே ஊருக்குக் கேட்டது, எதிரில் நிற்பவர் பேச்சு கேட்கவில்லை, அதனால் அவள் யார் வாசலிலோ நின்று, "ஐயோ, அப்படியா சொன்னா?" என்று கேட்டால், வலை பின்னுகிறவர்கள் ஊசியை நிறுத்திவிட்டு, யார் சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று சாயங்காலம்வரை யோசிப்பார்கள். காலைப் பூசையில் பங்குச்சாமியார் கையை உயர்த்தி, "ஒரு மனிதனின் உள்ளத்தை நாம் எப்படி அறிவது?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்தினார், "செவுளத் தூக்கிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது!" என்று கோயில் முழுக்க எல்லோர் காதிலும், எந்த வாசலிலோ மீன் விற்றுக்கொண்டிருந்த கிரகோரியாள் சொன்னாள். சாமியார் சிரித்து ஓய்ந்து பூசையை முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டவர் தொம்மை. படகு இஞ்சின்களோடு வாழ்நாளெல்லாம் கிடந்து, இரண்டு காதும் போன மெக்கானிக். அவருக்கு மனைவி பேசுவது கேட்காது, மணி அடிப்பது கேட்காது, வெடி போட்டாலும் கேட்காது, கிரகோரியாளின் குரல் கேட்டது. முதல் நாள் அவர் பாயிலிருந்து எழுந்து, "யாரு? யாரு?" என்று கேட்டு அழுதே விட்டார். அப்புறம் தெருவுக்கு வந்து, அவள் என்ன சொன்னாலும் உரத்த குரலில் பதில் சொல்லிக்கொண்டு, ஊரோடு தானும் ஒருவராக நடமாட ஆரம்பித்தார்.

கிரகோரியாளும் முதலில் இதில் குளிர்ந்துதான் போனாள். பேசிக்கொள்ளாத இரண்டு தெருவும் அவள் சொன்னால் கேட்டன. யாருடைய சாவி தொலைந்தாலும், எந்த மோட்டார் சைக்கிள் வழியை மறித்து நின்றாலும், அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மணப்பாட்டில் தங்கை மகள் கல்யாணத்துக்கு அவள் போனபோது மணப்பாடு முழுக்க அவள் குரல் கேட்டதாம். இங்கே ஒன்றும் கேட்காமல் நாங்கள் உப்பில்லாத சோறு தின்பவர்கள்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் வரும் பஸ்ஸைப் பார்த்துக் கிடந்தோம்.

ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற கஸ்பாரை அதுவரை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. மனைவியை இழந்தவர், கூச்சக்காரர், கிரகோரியாளின் கூடைக்கு மட்டும் ஐஸை மாவுபோல நைசாக உடைத்துப் போடுவார் என்பதெல்லாம் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு காலை, மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்க, அந்த இரைச்சலுக்குள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, என்னைக் கட்டிக்கிடுதியா என்று அவளிடம் கேட்டுவிட்டார். அவர் குரல் எல்லோர் குரலையும் போன்றது, அவளைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள், திறந்த பிறகுதான் ஊர் முழுக்கத் தன் உதட்டின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டாள். எங்களுக்குக் கேட்டதெல்லாம் மூச்சை இழுக்கிற சத்தம் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு கூவல் இல்லை. அவள் கூடையை எடுக்கவில்லை, வீட்டை விட்டு வெளியே வரவில்லை, யாரோடும் பேசவில்லை. மறுநாளும் அப்படியே. என்ன மசாலா அரைப்பது என்று தெரியாமல் பெண்கள் அம்மியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், தொம்மை தன் காதுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் என் கடைப் படியேறி மாடிக்குப் போய் ஜெனோவாவின் முன்னால் நின்றாள். நான் கீழே நின்றேன். கேட்பதற்கு எங்கே நின்றால் என்ன?

"ஏ பிள்ள," என்றாள் கிரகோரியாள். "ஊரு கேக்கட்டும், எனக்கு வேற வழியில்ல. என் குரலுக்குத் தூரத்தத் திருப்பிக் குடு. எனக்கு ஒருத்தர்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அவர்ட்ட மட்டும்."

அடுத்த நிமிஷமே ஊர்த்தலைவர் இருதயராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, "இதுக்குப் போயா! எழுதிக் குடுத்தாப் போச்சு!" என்றார்.

"கூவி வித்துப் பொழச்சவ நான். இத மட்டும் எழுதிக் குடுக்கவா? அவரு வாயத் தொறந்து கேட்டாரு. நானும் வாயத் தொறந்துதான் சொல்லுவேன்."

அவரு, கேட்டாரு என்ற இரண்டு வார்த்தை போதாதா? விளக்கு வைப்பதற்குள் கேள்வி என்னவென்று எல்லா வீட்டிலும் தெரிந்துவிட்டது, ஆள்தான் தெரியவில்லை. மறுநாள் ஊரில் பெண்டாட்டி இல்லாத ஆண்கள் அத்தனைபேரும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு திரிந்தார்கள். கஸ்பார் மட்டும் தாடியோடு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார், புத்திசாலிகள் அதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மீன் ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. ஜெனோவா சாக்குக்கட்டியை எடுத்து மீன் பலகையில் ஒரு கோடு இழுத்தாள், ஒரு பக்கம் உயரமாகத் தொடங்கி மெல்லச் சரிந்து மறுபக்கம் தரையில் போய்ப் படுக்கிற கோடு. அவள் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"கிட்ட இருக்கவங்களுக்குச் சத்தம் ஒசரம், தூரத்துல ஒண்ணுமில்ல. கேமுக்குள்ள இந்தக் கோட்ட நான் போட்டுட்டேன். ஊருக்குள்ள என்னால போட முடியாது. இங்க தூரம்னா ஆளுங்கதான். யாராவது தூரமா நிக்கணும். அக்கா பேச்சு காதுல விழுந்தா, இது எனக்கு இல்லன்னு மனசார சொல்லி, முகத்தத் திருப்பிக்கிடணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! மேலத்தெருக்காரர்கள் கோயில் வாசலை நடுவாக வைத்துக் கணக்கிட வேண்டும், அதனால் கீழத்தெருதான் தூரம் என்றார்கள். கீழத்தெருக்காரர்கள் கடற்கரையை நடுவாக வைத்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை, குரல் பிறந்ததே என் கடை மாடியில்தானே என்று ஒரு போடு போட்டேன். இத்தனை காலம் பேசாமல் இருந்த இரண்டு தெருவும் அன்றைக்குத்தான் வாய்விட்டுப் பேசின, பேசியது முழுக்க வசவு. "நடுன்னு ஒரு எடமே கிடையாது, அக்காதான் நடு, அக்கா நடந்தா நடுவும் கூட நடக்கும், உங்க தெருவுக்கு வரும்போது நீங்கதான் கிட்ட," என்று ஜெனோவா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கிட்டே இருந்து பழகியவன் எவன் தூரப் போவான்?

கிரகோரியாள் கூட்டத்தின் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு, "யாராவது ஒருத்தர் தூரமா நில்லுங்களேன்," என்றாள். கெஞ்சலாகத்தான் சொன்னாள்.

வசவு எதுவும் கேட்காத தொம்மைக்கு அது கேட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கேக்காம இருந்து எனக்குப் பழக்கம்மா. நான் நிக்கேன்," என்று சொல்லிவிட்டு, உப்பளத்தைப் பார்த்துத் தனியாக நடக்க ஆரம்பித்தார்.

வெட்கமாகிவிட்டது எங்களுக்கு. அந்த மனிதருக்கு உலகத்தில் கேட்கிற ஒரே குரல் அது. "அண்ணே! தினமும் உங்க வாசலுக்கு வந்து காதுக்குள்ளயே கூவுதேன்ணே!" என்று கிரகோரியாள் அழுதுகொண்டே சொல்ல, அவர் திரும்பாமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி போனாள், அவளுக்குப் பின்னால் மேலத்தெருவில் பாதி, கீழத்தெருவில் பாதி, யார் எந்தத் தெரு என்று பிரிக்க முடியாமல் கலந்து கலந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஊர் நின்றது. ஏலக்கூடத்தில் கிரகோரியாள், அவளைச் சுற்றிக் கொஞ்சப் பேர், அதற்கு வெளியே தெருக்களில் கொஞ்சப் பேர், கடைசியாக உப்பு மேடுகளுக்கு நடுவே மிச்சப் பேர். "சாளை, நெத்திலி, வாளை, பாறை, ஊழி, சீலா," என்று அவள் ஓயாமல் மீன்பேரைச் சொல்லிக்கொண்டிருக்க, உப்பளத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பி, இது எனக்கு இல்லை, இது எனக்கு இல்லை என்று சொன்னார்கள். குரல் அங்கே அறுந்த மாதிரி நின்றது. நின்ற வேகத்தில் எல்லோர் காதுக்கும் திரும்பி வந்தது. விசாரித்தால், ஊர்த்தலைவர் ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்திருக்கிறார். அவரைத் தொம்மைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"அறுத்த மாதிரி நிக்கக் கூடாது, சரிஞ்சு எறங்கணும்," என்று ஜெனோவா சைக்கிளில் வட்டம் வட்டமாகச் சுற்றினாள். "நடுவுல நிக்கவங்க பாதி எடுங்க, பாதிய விடுங்க!"

நான் நடுவில் நின்றேன். சொல்கிறேன் கேளுங்கள், உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான். முழுதாகக் கேட்டுவிடலாம், கேட்காமலும் இருந்துவிடலாம். பாதியைக் கேட்டு, மீதி என்னவென்று துருவாமல் விடுவதற்கு என்னைப்போன்ற ஒரு கடைக்காரனுக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! விட்டேன். வாளை என்று தெளிவாகக் கேட்டது, பாறை என்பது யாரோ அடுத்த தெருவில் சொல்வதுபோலக் கேட்டது, ஊழி என்பது காற்றோடு போனது. பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமே. கிரகோரியாள் சாதாரணக் குரலில் ஊர்த்தலைவரை ஒரு வார்த்தை திட்டினாளாம், கிட்டே நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உப்பளத்தில் இருதயராஜ் அந்த வெயிலில் சாந்தமாக நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கிட்டே நின்றவர்களைக் கையால் தள்ளினாள், போங்க, போங்க என்று. எல்லோரும் போனார்கள், ஜெனோவாவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். ஐஸ் கம்பெனிப் பக்கமிருந்து கஸ்பார் வந்தார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது, பார்ப்பதை யாரும் தடுக்கவில்லையே. அவர் அவள் முன்னால் வந்து நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அவள் எம்பி, அவர் காதருகே வாயை வைத்தாள்.

அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். ஒரு வார்த்தைதானா, நிறைய வார்த்தைகளா, சொல்லத் தெரியாது. கஸ்பார் சட்டென்று இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார், உள்ளே போனது வெளியே வந்துவிடக் கூடாது என்பதுபோல.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன், அவர் உதட்டைப் பிதுக்கினார். தெருமுனையில் நின்றவர்கள் கையை விரித்தார்கள். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று அந்தச் செய்தி வாய்க்கு வாய் தெருக்களைத் தாண்டி உப்பளம்வரை போனது, போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் ஜனங்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள், மேலத்தெருக்காரனைக் கீழத்தெருக்காரன் கட்டிக்கொண்டான், யாருக்கும் எதுவும் கேட்காத அந்த ஒரு நிமிஷத்துக்காக எங்கள் ஊர் போட்ட கூச்சலைப்போல இன்றுவரை இங்கே யாரும் கேட்டதில்லை.

தவக்காலத்துக்கு முன்னால் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஆகவே சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் ஒருநாள் கஸ்பாரிடம், என்னய்யா சொன்னா, சரின்னாளா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார், முகமெல்லாம் சிவந்து சிரித்தார், வேறென்னவென்று மட்டும் சொல்லவில்லை.